ஓடைத் தண்ணீர்

“அவன் இருக்கிற வரிசையில நான் இருக்க மாட்டேன்.”

குற்றாலலிங்கம் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்வரிசைக்குப் போனார். மனைவி மாடம்மாளும் பின்னால் போனாள். கடைசி வரிசையில் ஆன்சன் தனியாக மிஞ்சினார்.

பொன்முடி போகிற வழியில், ஓடைக்கரையில் காகித மில் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். புகைக்கூண்டின் ஒரு செங்கல்கூட மிச்சமில்லை. மில்லின் கதையைச் சேகரிக்கும் கல்லூரிப் பெண் திவ்யலட்சுமி, பழைய தொழிலாளிகளை அந்த மண்டபத்தில்தான் கூட்டியிருந்தாள்.

“மாமா, நீங்க முதல்ல பேசுங்க” என்று மைக்கை நீட்டினாள்.

மூங்கில் வேகிற வாடை, ஷிப்ட் சங்கு, ரோஸ் காகிதம் ஓடுகிற நாளில் ஓடையும் ரோஸாக ஓடுவது என்று குற்றாலலிங்கம் ஒரு பாட்டம் சொல்லித் தீர்த்தார். மில் சம்பளத்தில்தான் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த அவர், ஓடைக்கரையில் வீடு கட்டினார். கடைசிப் பிள்ளை பிறந்து, பால்குடி மாறும் முன்னே வயிற்றுப்போக்கில் போனதும் அந்த வீட்டில்தான். அதன் பிறகு மாடம்மாள் ஓடையில் கால் நனைத்ததில்லை. அதைத் துக்கம் என்றே அவர் எடுத்துக்கொண்டார்.

“அந்த வருஷமே மில்லைப் பூட்டிட்டாங்க. ஓடைத் தண்ணிய ஒருத்தன் குப்பியில பிடிச்சு கவர்மெண்ட் ஆபீஸ்ல கொண்டு கொடுத்தான். அத்தனை குடும்பமும் நடுத்தெருவுல நின்னோம்.” கடைசி வரிசைப் பக்கம் கையை நீட்டினார். “ஒரே சட்டியில சோறு தின்ன கூட்டுக்காரன்! இந்தத் தண்ணி விஷமாக்கும்னு யூனியன் மீட்டிங்ல எழும்பிச் சொன்னது அவன் ஒருத்தன்தான். பின்னே வேற ஆரு? கல்யாணம் கழிக்காத ஒத்தக்கட்டை. பெண்டாட்டி பிள்ளை இருந்தாத்தானே நம்ம பசி தெரியும்!”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆன்சன் ஒரு தரம் மாடம்மாளைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

மில்லைப் பூட்டிய அன்றும் ஆன்சன் இப்படித்தான். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதன் பிறகு சாலைச் சந்தைக் கடைகளில் மூட்டை சுமந்த காலமெல்லாம் குற்றாலலிங்கத்துக்கு முதுகைவிட அந்த மௌனம்தான் அதிகமாக வலித்தது.

“அந்தக் குப்பியே கிடைச்சிருக்கு, மாமா” என்றாள் திவ்யலட்சுமி. “அப்ப இருந்த ஆபீஸர் பத்திரமா வச்சிருந்தார். ஆரு கொடுத்ததுன்னு மட்டும் கடைசிவரை சொல்லல்ல.”

துணியைப் பிரித்து மேஜைமேல் வைத்தாள். பாதி கிழிந்த லேபிளோடு ஒரு தசமூலாரிஷ்ட மருந்துக் குப்பி. அடியில் ரோஸ் கறை காய்ந்து கிடந்தது.

குற்றாலலிங்கம் அதைப் பாய்ந்து எடுத்து உயர்த்தினார். “ஏலே ஆன்சா! இவ்வளவு பேர் முன்னால சொல்லு. இது உன் குப்பிதானே?”

மாடம்மாள் எழுந்து வந்து, கணவரின் கையிலிருந்து குப்பியை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

“அவரை விடுங்க. இது என் பேறுகாலத்துக்கு நீங்க வாங்கித் தந்ததாக்கும்.”