என்ன முறை?

"யாருமில்ல" என்றாள் கார்த்திகா.

நாங்கள் இன்னும் கேள்வியே கேட்கவில்லை. நாற்காலியில் ஏறி உட்கார்ந்ததும் நேராக விடைக்கு வந்துவிட்டாள். ஏழு வயது. மடியில் ஒரு துணிப்பை.

"கேட்டப்பறம் சொல்லணும்டி" என்று பக்கத்தில் இருந்த செவந்தி பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார். அது எல்லோர் காதிலும் விழுந்தது.

அமராவதி மேடம் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

புதுக்கோட்டையில் குழந்தைகள் நலக் குழு கூடும் நாள் அது. மேடம்தான் தலைவர். நேரில் போய் விசாரித்து அறிக்கை எழுதும் சமூகப் பணியாளர் நான். கார்த்திகாவுக்கு அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. போன வருடத்திலிருந்து இங்கே குழந்தைகள் இல்லத்தில் இருக்கிறாள்.

செவந்தி ஆலங்குடிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலைக்குப் போகிறவர். ஒண்டிக்கட்டை. ஞாயிறு தவறாமல் இல்லத்துக்கு வந்து இவளைப் பார்ப்பார். அவர் கிளம்பிப் போன பிறகு இவள் யாரோடாவது சண்டை போடாமல் தூங்க மாட்டாள். இவளை வளர்க்கத் தரும்படி செவந்தி மனுப் போட்டிருந்தார்.

அரசாங்கம் பணம் கொடுத்துக் குழந்தையை ஒரு வீட்டில் வளரவிடும் திட்டம் அது. ஒரே ஒரு சிக்கல். வளர்க்கிறவர் உறவுக்காரராக இருக்கக் கூடாது. உறவென்றால் வேறு திட்டம், வேறு மேசை, முதலிலிருந்து விசாரணை. அதுவரை கார்த்திகா இல்லத்திலேயே இருக்க வேண்டியதுதான்.

ஆனால் எங்கள் மாவட்டத்தில் உறவில்லாத ஆளைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும், கீரனூர் வருவதற்குள் மாமா முறை ஆகிவிடுவார். செவந்தி வீட்டுக்கு விசாரிக்கப் போனபோது தெருவே என்னை மதினி என்றது. அதற்காக நான் அந்த வீட்டு மருமகளா?

அதனால்தான் காலையில் வராந்தாவில் காதில் விழுந்த பேச்சை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"பெரியம்மா, பசிக்குது" என்றாள் கார்த்திகா.

"ஸ்ஸ். நான் யாரு?" என்றார் செவந்தி.

"யாருமில்ல."

"ஆங். அப்படித்தான் சொல்லணும்."

இப்போது மேடம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு செவந்தியிடம் திரும்பினார். "உறவில்லேன்னா, இந்தப் பிள்ளைய ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இவ அப்பாவத் தெரியும்ங்க. எங்க வீட்ல நாலு வருசம் இருந்தாரு."

"வாடகைக்கா?"

செவந்தி கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லலாமா என்று யோசித்த மாதிரிதான் எனக்குப் பட்டது.

"இல்லைங்க. தாலி கட்டி."

கையிலிருந்த என் அறிக்கையைப் புரட்டினேன். அவர் வீட்டுக்குப் போயிருக்கிறேன். டீ குடித்திருக்கிறேன். கட்டில் இருக்கிறதா, கக்கூஸ் இருக்கிறதா, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று எல்லாம் கேட்டிருக்கிறேன். விவாகரத்து ஆனவர் என்று என் கையாலேயே எழுதியும் இருக்கிறேன். யாரிடமிருந்து என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

கார்த்திகா துணிப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய துணி அத்தனையும் அதில் இருந்தது. மூட்டை கட்டும்படி யாரும் சொல்லவில்லை. அவளாகக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"கோர்ட்டுல அத்து விட்டாங்க" என்றார் செவந்தி. "அப்பறந்தான் அவரு வேற கட்டுனாரு, இவ பொறந்தா. 'இனிமே அவுகளுக்கும் ஒனக்கும் ஒரு ஒறவும் கெடையாது'ன்னு வக்கீலு சொன்னாரு. அன்னைக்கு அதக் கேட்டுட்டு எனக்குச் சோறு எறங்கல. இன்னைக்கு அதத்தானங்க நீங்க கேக்குறீங்க?"

மேடம் பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்த மனுசன் மேல கோவம் இல்லையா?" என்றார் மேடம். இது கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் அவர் அதிகாரியாகக் கேட்கவில்லை.

"நெறைய இருக்குங்க. இது என்ன பண்ணுச்சு, பாவம்? மூக்கு மட்டும் அவரு மூக்கு. அதப் பொறுத்துக்கலாம்."

கார்த்திகா மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மேடம் என் பக்கம் திரும்பினார். "உமா, சட்டப்படி இவங்க இந்தக் குழந்தைக்கு என்ன வேணும்?"



"யாருமில்ல, மேடம்."

இந்த ஒரு வார்த்தையை இவ்வளவு சந்தோஷமாக நான் சொன்னதே இல்லை. மேடம் மற்ற உறுப்பினர்களைப் பார்த்தார். அவர்களும் தலையாட்டினார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு, "இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க. பை வேற ரெடியா இருக்கு" என்றார்.

செவந்தி எல்லோருக்கும் ஒரு பெரிய கும்பிடு போட்டார். எனக்கு ரெண்டு தடவை. வெளியே போனவருக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே எங்கள் செருப்புகளுக்கு நடுவில் தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

கார்த்திகா அதற்குள் வாசல் கேட் வரைக்கும் போயிருந்தாள். அங்கே நின்று, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

"யாருமில்ல! ஏ யாருமில்ல! ஆலங்குடி பஸ்ஸு போயிரும், வெரசா வா!"

அதட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"இந்தா வாரேன்" என்று ஓடினார் செவந்தி.