மாமா கொண்டு வந்தது

மூன்றாம் தரம் தண்ணீரை இழுத்துவிட்ட பிறகுதான் கடைசித் துண்டும் உள்ளே போனது.

துசானி பள்ளிக்கூடக் கழிப்பறைக் கதவில் முதுகைச் சாய்த்து மூச்சு வாங்கினாள். பூசணிக்காய் போல வெட்டிய செம்மஞ்சள் காகிதத்தின் சாயம் விரல் நுனியெல்லாம் ஒட்டிக் கிடந்தது.

அம்மா எந்த நேரமும் வந்துவிடுவாள்.

இந்தத் தம்பி அனுசனை என்னதான் செய்வது? ஏழு வயது. மூளை இருக்க வேண்டிய இடத்தில் பூசணி விதை.

அவனை மட்டும் சொல்லியும் குற்றமில்லை. எல்லாம் அவனுடைய ஆசிரியை எமிலியானாவின் வேலை. ஹாலோவீன் வருகிறது, ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுங்கள் என்று விட்டிருந்தால் ஒரு சூனியக்காரியோடு விஷயம் முடிந்திருக்கும். அந்த மனுசி அதற்குள் இந்தப் பலெர்மோ நகரத்து வழக்கத்தையும் போட்டுக் குழைத்துவிட்டாள். இந்த ஊரில் நவம்பர் இரண்டாம் தேதிக்கு, செத்துப்போன சொந்தக்காரர் இரவோடிரவாக வந்து பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமானும் சீனிப் பொம்மையும் வைத்துவிட்டுப் போவார்கள். ஆகவே கதை இப்படி இருக்க வேண்டுமாம்: உங்கள் வீட்டுப் பேய் யார், உங்களுக்கு என்ன கொண்டு வருகிறது?

வகுப்புக்கு வெளியே நடைபாதைச் சுவர் முழுக்க, பூசணிக் காகிதங்களில் பேய்கள். ஒருத்தனின் தாத்தா சைக்கிளோடு வந்திருந்தார். ஒருத்தியின் செத்த நாய்கூட வாலை ஆட்டிக்கொண்டு வந்திருந்தது.

நடுவில் அனுசனின் பூசணிக்காய். உள்ளே முழுக்க இத்தாலியன். தலைப்பு மட்டும், ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் பழகிய குண்டு குண்டு எழுத்தில்: சிறீகரன் மாமா.

அதையும் இத்தாலியனில் எழுதித் தொலைத்திருந்தால் அம்மாவுக்கு விளங்கியிராது. துசானி எதையாவது மாற்றி வாசித்துச் சமாளித்திருப்பாள். பதினைந்து வயதில் பெற்றோர் கூட்டத்துக்குக் கூட்டம் அம்மாவுக்கு மொழிபெயர்ப்பதுதானே அவள் உத்தியோகம்.

“உனக்கு வேறை ஆக்கள் கிடைக்கேல்லையோடா?” என்று சற்று முன் அந்தச் சுவரடியில் வைத்தே அவன் காதைப் பிடித்துத் திருகியிருந்தாள்.

“மிச்ச ஆக்கள் எல்லாரும் உயிரோடைதானே, அக்கா.”

சொல்லிவிட்டு, முகத்துக்கு வெள்ளை பூச வகுப்புக்குள் ஓடிவிட்டான் கழுதை.

சிறீகரன் மாமா அம்மாவின் ஒரே தம்பி. இந்த மே மாதம் வன்னியில் சண்டை முடிந்தபோது காணாமல் போனவர். காணாமல் போனவர் என்பது அம்மாவுக்கு. ஜூன் மாதமே சுவிசிலிருந்து ஒருவர் அழைத்து, கண்ணால் கண்டதைச் சொல்லிவிட்டார். அப்பா ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார். பக்கத்தில் துசானி.

“அம்மாவிட்டை மூச்சும் விடாதை” என்றார் அப்பா.

அன்றைக்குத் தொடங்கியது. அம்மா சனிக்கிழமை தவறாமல் வெறுங்காலோடு மொந்தே பெல்லெக்ரீனோ மலை ஏறி, அங்கே கோயில் கொண்ட சாந்தா ரொசாலியாவுக்கு மெழுகுதிரி கொளுத்துவாள். துசானி பின்னாலே அவள் செருப்பைக் காவிக்கொண்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நடப்பாள்.

அந்தப் பெயரைச் செத்தவர்களின் சுவரில் அம்மா வாசிப்பதா?

தலைப்புக்குக் கீழே ஒரு வரி வாசிக்கக்கூட அவள் நிற்கவில்லை. இழுத்துப் பிய்த்துக்கொண்டு ஓடிவந்தாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தால், அம்மா சுவருக்கு முன்னால் நிற்கிறாள். தான் வேலை செய்யும் வீட்டுச் சினியோராவிடம் அரைநாள் லீவு கேட்டு, தலை வாரி, நல்ல சால்வை போட்டுக்கொண்டு வந்திருந்தாள். ஒவ்வொரு பூசணிக்காயாகத் தமிழ் எழுத்தைத் தேடிக்கொண்டே வந்தவள், நாலு மூலையிலும் டேப் மட்டும் மிஞ்சியிருந்த வெற்றிடத்தைத் தாண்டிப் போனாள்.

“எங்கை பிள்ளை, அனுசன்ரை கதை? ஆரை எழுதுறது எண்டு கேட்டவன். நான்தான் மாமாவை எழுது எண்டனான்.”

துசானி சாயம் ஒட்டிய விரல்களை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

“என்ன முழிக்கிறாய்? உன்ரை கொப்பர் மாமாவின்ரை நம்பருக்கு அடிக்கிறதை விட்ட அண்டைக்கே எனக்குத் தெரியும்.” அம்மா சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நீங்கள் ரெண்டு பேரும் பாடுபட்டு மறைக்கிறியள். சரி, கிடக்கட்டும் எண்டு நானும் விட்டிட்டன்.”

பிறகு கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுத்தாள். சால்வைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

“கதையின்ரை முடிவை அனுசன் எனக்குச் சொல்லமாட்டானாம். வந்து அக்காவைக் கொண்டு வாசிப்பிச்சுக் கேளுங்கோ எண்டு சொல்லிப்போட்டான். எங்கை, வாசி பாப்பம். என்ரை தம்பி என்ன கொண்டு வந்தவனாம்?”