மெஷின் சொன்னால் கேட்பேன்

"நீ சொல்லி நான் கேக்கறதா? உனக்கு மூக்கு சிந்திவிட்டவளே நான்தான்டி!"

வெர்னா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவள் டாரீன். நியூஃபவுண்ட்லாந்தின் அந்தக் கடலோர ஊருக்கு ஒரே நர்ஸ். வெர்னாவின் கூடப்பிறந்த தங்கை.

"முதுகுவலின்னு வந்திருக்கே. நாலு கேள்வி கேக்க வேண்டாமா அக்கா?"

"எக்ஸ்ரேக்கு எழுதிக் குடு, போதும். நண்டு ஃபேக்டரியில நாள் பூரா நிக்கிறவளுக்கு முதுகு வலிக்காம என்ன செய்யும்? கேள்விதான் வேணும்னா அந்தக் கம்ப்யூட்டரைக் கேக்கச் சொல்லு. உன்னைவிட அதுக்கு மூளை ஜாஸ்தி."

பக்கத்திலிருந்த வெர்னாவின் கணவன் ஆம்புரோஸ், தொப்பியால் வாயை மூடிக்கொண்டு சிரித்தான்.

"சரி, உன் இஷ்டம்." டாரீன் மானிட்டரைத் தன் பக்கம் நன்றாகத் திருப்பிக்கொண்டு மடமடவென்று தட்டினாள். "ஃப்ளூ ஊசி போட்டாச்சா?"

"இல்ல."

"இன்னிக்கே போடணும். மார்பகப் பரிசோதனைக்குக் கூப்பிட்டப்பல்லாம் டிமிக்கி குடுத்தாச்சா?"

"மெஷினே கேக்குதா? சரி, போய்த் தொலைக்கிறேன்."

"சிகரெட்டை விட்டுட்டேன்னு புருஷன்கிட்ட சொன்னது பொய்தானே?"

"அடப்பாவி மெஷினே! அதுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"எனக்கே தெரியாதே!" என்று துள்ளினான் ஆம்புரோஸ்.

"மாதவிலக்கு?"

"நாலு மாசமா இல்ல. நாப்பத்தஞ்சு வயசாச்சு, நின்னுபோச்சு."

டாரீனின் விரல்கள் ஒரு கணம் நின்றன. மறுபடி தட்டினாள். "அப்போ எக்ஸ்ரே கிடையாது. முதல்ல கர்ப்பப் பரிசோதனை."

வெர்னா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இருவது வருஷம் டாக்டர் டாக்டரா அலைஞ்சு, கடைசியில தொட்டிலையும் தூக்கிக் குடுத்தாச்சு. இப்பப் போய்..." சிரிப்பு பாதியில் நின்றது.

"செஞ்சுதான் பாரேன் வெர்னா," என்றான் ஆம்புரோஸ் மெதுவாக.

"இவ கேட்டிருந்தா அறைஞ்சிருப்பேன். மெஷின் கேக்குதேன்னு போறேன்." சிறுநீர்க் கோப்பையைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

சிறிது நேரத்தில் பரிசோதனைப் பட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாரீன் கூவினாள். "அக்கா... ரெண்டு கோடு!"

"ரெண்டு கோடுன்னா ரெட்டைப் பிள்ளையா?" என்று அலறினான் ஆம்புரோஸ்.

"கர்ப்பம்னு அர்த்தம் அத்தான்!"

தொப்பி கூரைக்குப் பறந்தது. ஆம்புரோஸ் வெளியே ஓடி, காத்திருந்த கிழவர் ஒருவரைத் தூக்கிச் சுற்றினான். ஊன்றுகோலோடு சுற்றிய கிழவர் என்ன ஏது என்று கேட்காமலே கூடச் சிரித்தார். வெர்னா அழுதாள், சிரித்தாள், தங்கையைக் கட்டிக்கொண்டாள்.

"எக்ஸ்ரேன்னு ஓடியிருப்பேனே! என் தங்கமே, என் ராசாவே, அத்தனை டாக்டருங்களும் கைவிட்டதை நீ கண்டுபிடிச்சியே!" என்று கம்ப்யூட்டரைப் பார்த்துக் கொஞ்சியபடி மேசையைச் சுற்றி வந்தாள்.

"அக்கா, இந்தப் பக்கம் வராதே!"

அதற்குள் மானிட்டரை இரு கையாலும் ஏந்தி 'இச்'சென்று முத்தமிட்டாயிற்று. உதட்டில் சில்லிட்டது. கண்ணைத் திறந்தாள். திரை கன்னங்கரேலென்று இருந்தது.

"நேத்துப் புயல்ல இருந்து செத்துக் கிடக்கு அக்கா," என்று நெளிந்தாள் டாரீன். "ஆனா உயிரோட இருந்திருந்தா, சத்தியமா அதுவும் இதையேதான் கேட்டிருக்கும்!"