பத்து சென்டிமீட்டர் கட்டம்

"வார்னிஷ் இன்னும் காயலை," என்றார் என் கணவர்.

போன வாரமும் இதையேதான் சொன்னார். அதற்கு முந்தைய வாரம் முதுகுவலி.

எனக்குப் பொறுமை போய்விட்டது. எட்டு மாதமாகக் கார் வெயிலில் காய்கிறது. கார் நிற்க வேண்டிய ஷெட்டில் இந்தக் கயாக் படுத்திருக்கிறது. விரலகல மர ரீப்பர்களை ஒவ்வொன்றாக வளைத்து ஒட்டிச் செய்த, ஒரே ஆள் உட்காரும் படகு. செய்தவர் அதுவரை ஒரு முக்காலிகூடச் செய்ததில்லை.

ஆரம்பித்து வைத்ததே நான்தான். ஏரியில் தனியாகத் துடுப்புப் போட்டுப் போகவேண்டும் என்பது அவருடைய இருபது வருட ஆசை. பிறந்தநாளுக்குப் படகின் வரைபடத்தை ஆபீசில் பிரிண்ட் எடுத்து, நாற்பது தாளையும் ரிப்பன் கட்டிக் கொடுத்தேன்.

அதன்பிறகு பட்டது போதும். சோபாவில் பசை. சீப்பில் மரத்தூள். துணி காயப்போடும் கிளிப்பெல்லாம் ரீப்பரைக் கவ்விக்கொண்டு நின்றன. ஒருநாள் அடுப்படியில் நின்றவளின் இடுப்பைச் சுற்றி டேப்பைப் பிடித்து அளந்தார். எதற்கென்று கேட்டால், சும்மாவாம். மனுஷனுக்குக் கிறுக்கு முற்றிவிட்டது என்று விட்டுவிட்டேன்.

இன்று விடவில்லை. தோளைப் பிடித்து அழுத்தாத குறையாகப் படகுக்குள் இறங்க வைத்தேன்.

கால் போனது. தொடை போனது. உட்காரும் துளையின் விளிம்பில் இடுப்பு மாட்டிக்கொண்டது.

"எட்டு மாசம்! உங்க உடம்பு என்ன அளவுன்னு உங்களுக்கே தெரியாதா?"

அவர் படகின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார். அது என்னை இன்னும் கிளறிவிட்டது. எங்கே கோட்டை விட்டார் என்று காட்டாமல் விடக்கூடாது என்று அலமாரியிலிருந்து அந்த நாற்பது தாளையும் இழுத்துப் போட்டேன்.

முதல் தாளின் மூலையில் ஒரு கட்டம். 'வெட்டும் முன் அளந்து பார்க்கவும். இது சரியாகப் பத்து சென்டிமீட்டர் இருக்கவேண்டும்.'

டேப்பை வைத்தேன். ஒன்பதே கால்.

தாளுக்குள் அடங்கச் சுருக்கட்டுமா என்று அன்று ஆபீஸ் மெஷின் கேட்டது. சரி என்று அழுத்தியது என் விரல்தான்.

கட்டத்தின் கீழே அவருடைய பென்சில் எழுத்து. '9.25. சட்டமெல்லாம் வெட்டியாச்சு.' எட்டு மாதத்துக்கு முந்தைய தேதி.

அதற்கும் கீழே இன்னொரு எண். இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தார். அது என் இடுப்பளவு.

 வெட்கமாக இருந்தது.

அவர் கையை நீட்டினார். பிடித்துத் தூக்கிவிட்டேன். வெளியே வந்தவர், இப்போது நீ உட்கார் என்பதுபோல் தள்ளி நின்றார்.

"வார்னிஷ் இன்னும் காயலையே," என்றேன்.