எழும்பி நின்ற ஈ

கிரேன் ஓட்டுநருக்கு இடது கண் மங்கல். இன்றைய கண் சோதனையில் தோற்றால் கிரேன் சாவியைப் பிடுங்கிவிடுவார்கள். போன வாரம் தேறிய மச்சான்தான் சூட்சுமம் சொல்லிக்கொடுத்தான்:

"ஈப் படம் காட்டுவாங்க மாப்ளே. ரெண்டு கண்ணும் ஒழுங்கா இருந்தா ஈ காகிதத்தை விட்டு நிஜமாட்டம் எழும்பி நிக்கும். உனக்கு எழும்பாது. இறக்கையைப் பிடிக்கச் சொன்னா, நீ காகிதத்தைத் தொடாம மேலாக்க கிள்ளிடு!"

டாக்டர் படத்தை விரித்தார். "பெரியவரே, இந்த ஈயோட இறக்கையை..."

அவர் முடிப்பதற்குள் ஓட்டுநர் அந்தரத்தில் நறுக்கென்று கிள்ளினார்.

"அடேங்கப்பா, மூக்குல வந்து முட்டுது டாக்டர்!"

"அப்படியா? இந்த 3டி கண்ணாடியைப் போட்டாத்தானே யாருக்கும் ஈ எழும்பும்? அது இன்னும் என் கையிலதான் இருக்கு."

ஓட்டுநர் பல்லைக் கடித்தார்.

"பாவிப்பய மச்சான், கண்ணாடியைப் பத்தி மூச்சே விடலையே!"