கட்சி மாறிய பூனை

“என் பூனைக்கு என்னத்தடி போட்டு மயக்கின?” கால்நடை மருத்துவமனையிலும் மாமியார் விடவில்லை. “குட்டியிலேர்ந்து என் கட்டில்ல படுத்தது, இப்போ ராத்திரியானா உன் ரூமுக்கு ஓடுது!”

“நான் ஒண்ணும் பண்ணலை அத்தை.”

“பின்னே, அதுவா கட்சி மாறிடுச்சா?”

டாக்டர் பூனையின் பின்னங்காலை மெல்ல மடக்கிப் பார்த்தார். அது சீறியது.

“வயசாயிடுச்சும்மா, மூட்டுவலி. கட்டில்ல தாவி ஏற முடியாது. தரையில யார் படுத்திருக்காங்களோ, அவங்ககிட்ட போய் ஒட்டிக்கும்.”

“நல்லா சொன்னீங்க! எங்க வீட்டுல யாரு தரையில படுக்கறா? இவளும் என் பையனும்கூடக் கட்டில்லதான்...”

சொல்லிக்கொண்டே திரும்பினாள். மருமகள் தலை நிமிரவில்லை. காலியான பூனைக்கூடையை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தாள்.

மாமியாரின் குரல் இறங்கியது.

“எத்தனை நாளாடி தரையில படுக்கற?”