மீனெண்ணெய்ப் புட்டி

“இன்னும் ஒரு கரண்டி குடும்மா” என்றாள் என் மகள் தையல். அடுக்களையில் அவள் கரண்டியை நக்கும் சத்தம் கூடம்வரை கேட்டது.

நான் உள்ளே போகவில்லை. தலைமுறை தலைமுறையாகச் சைவமாக இருந்த வீட்டில், என் பிள்ளையின் வாயில் மீனெண்ணெய். நின்று பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அது 1934. உறுவையாற்றில் இருந்தோம். மூன்று வயதாகியும் தையலால் கால் ஊன்ற முடியவில்லை. இரண்டு கால்களும் வில்லாய் வளைந்திருந்தன. ஊர்க்கண் படுமென்று அவளை வாசல் வெயிலுக்குக்கூடக் கொண்டுவந்ததில்லை.

புதுச்சேரியிலிருந்து மரியசுந்தரம் டாக்டர் எலும்புச் சத்து ஆராய்ச்சிக்காக வந்தார். கால் வளைந்த பத்துப் பிள்ளைகளைப் பொறுக்கினார். ஐந்து பேருக்கு மீனெண்ணெய், ஐந்து பேருக்கு நல்லெண்ணெய், ஆறு மாதம். சீட்டுப் போட்டதில் எங்களுக்கு மீனெண்ணெய் வந்தது. எங்கள் வீட்டில் நெல் குத்தும் ரோசியின் மகன் அந்தோணிசாமிக்கு நல்லெண்ணெய்.

“எங்களுக்கும் நல்லெண்ணெயே குடுத்துடுங்க முசே” என்று டாக்டரிடம் கெஞ்சினேன்.

“சீட்டுல வந்தத மாத்தினா ஆராய்ச்சியே கெட்டுப்போகும். பொண்ணு நடக்கணுமா முதலியாரே, ஆசாரம் நிக்கணுமா?”

“நடக்கணும்” என்றேன்.

என் மனைவி கனகாம்பாள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் புட்டியை முந்தானையால் பிடித்து எடுத்துக்கொண்டாள். “நானே குடுத்துக்கிறேன். நீங்க கிட்ட வராதீங்க.”

டாக்டர் மாதம் ஒருமுறை வந்து, பிள்ளைகளை நிற்கவைத்து முழங்கால் இடைவெளியை நாடாவால் அளப்பார். மீனெண்ணெய் குடித்த மற்ற நால்வருக்கும் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. தையலுக்கு மட்டும் கூடியது. அவர் நோட்டில் இரண்டு பெயர்களுக்கு எதிரே கேள்விக்குறி போட்டிருந்தார். ஒன்று என் மகளுடையது.

“தெனம் குடுக்கிறீங்களாம்மா?”

“தெனம்” என்றாள் கனகாம்பாள், தரையைப் பார்த்தபடி.

ஐந்தாம் மாதம் அடைமழை. தையலுக்குச் சளி கட்டியது. “நெஞ்செலும்புக்கு வலு இல்ல. மூச்ச இழுத்தா உள்வாங்குது” என்று டாக்டர் தலையை ஆட்டினார். கார்த்திகை பிறந்த மூன்றாம் நாள் அவள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு என்னால் ஒரு வேளையும் நிம்மதியாகச் சாப்பிட முடிந்ததில்லை. ஆற்றுக் காற்றில் மீன்வாடை வந்தால் இலையை விட்டு எழுந்துவிடுவேன். ஆள் இல்லாத அடுக்களையிலிருந்து “இன்னும் ஒரு கரண்டி” என்று கேட்கும். கனகாம்பாளுக்கும் கேட்டிருக்க வேண்டும். அந்த நேரங்களில் அவள் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொள்வாள். பதினான்கு வருஷம் அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

போன தை மாதம் அவளும் போனாள். காரியம் முடிந்த மறுநாள், ரோசி மகனோடு துக்கம் விசாரிக்க வந்தாள். அந்தோணிசாமி நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தான்.

“தையல் இருந்தா இவன் வயசுதான்” என்றேன். அதற்குமேல் அடக்க முடியவில்லை. “நானே கொன்னுட்டேன், ரோசி. வேண்டாம் வேண்டாம்னா கனகு. நான்தான் மீனெண்ணெய ஊத்தச் சொன்னேன். அந்தப் பாவம்தான் பிள்ளைய வாங்கிடுச்சு.”

ரோசி பதறிவிட்டாள். “ஐயோ, இன்னாங்கய்யா இது! இத்தினி வருசமா இதையா நெனச்சிகினு கீறீங்க?”

பிறகு மகனைப் பார்த்தாள், குரலைத் தாழ்த்தினாள். “உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு அம்மா எங்கிட்ட மாதா மேல சத்தியம் வாங்கிச்சி. இப்பதான் அது இல்லியே, சொல்றேன். நான் நெல்லு குத்த வர்றப்ப, அது உங்க புட்டிய எங்கிட்ட குட்த்துட்டு எங்க நல்லெண்ணெய வாங்கிக்கும். மாசா மாசம் அப்பிடித்தான். இவன் குடிக்கமாட்டேன்னு கத்துவான். நாந்தான் மூக்கப் புடிச்சி ஊத்துவேன்.”

நான் அந்தோணிசாமியின் கால்களைப் பார்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தான். இரண்டும் நேராக, தூண்களைப் போல நின்றன.

ரோசி என் எதிரே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“மனசத் தேத்திக்குங்கய்யா. பாப்பா வாயில ஒரு சொட்டு மீனெண்ணெ பட்டதில்ல.”